மீதியை வெள்ளித்திரையில் காண்க: திரைப்பட முன்னோட்டத்தில் வகைமை மரபும் எடுத்துரைப்பும்

திரைப்படத்தின் கதை, பாடல், நடிப்பு, அரசியல் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் கணிசமான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. படம் திரைக்கு வருமுன் அதனை அறிமுகப்படுத்தும் சிறு பனுவல்களோ விளம்பரம் என்று ஒதுக்கப்பட்டே வந்துள்ளன. துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், முன்னோட்டம், அண்மைக் காலத்து டீசர் ஆகியன அத்தகையவை. இவற்றை ஒரு தனி எடுத்துரைப்பு வகையாகக் கொண்டு, அதன் இலக்கணம் யாது என்று காண இக்கட்டுரை முற்படுகிறது. இரண்டு நிமிடத்தில் முடியும் ஒரு காட்சித் தொகுப்புக்கு இலக்கணமா என்று கேட்பவர் இருக்கக்கூடும். வெண்பா நான்கடியில் முடிவது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் டிரெய்லர் என்னும் சொல்லுக்குப் பின்னே தொடர்ந்து வருவது என்பது பொருள். தொடக்கக் காலத்தில் ஒரு படம் முடிந்தபின் அடுத்த படத்தின் துணுக்குகளைக் காட்டியமையால் அப்பெயர் ஏற்பட்டது. தமிழில் நாம் வழங்கும் முன்னோட்டம் என்னும் சொல் முன்னே ஓடுவதைக் குறிக்கிறது. ஒன்று காட்டப்பட்ட இடத்தால் பெற்ற பெயர். மற்றொன்று காலத்தால் பெற்ற பெயர். வரவிருக்கும் ஒரு பனுவலுக்கு முன்னே ஓடிச் செய்தி சொல்லும் கட்டியம் என்ற கருத்து தமிழ்ச் சொல்லில் உள்ளது. ஜெரார் ழெனெத் 1987இல் வெளியிட்ட நூலில், தலைப்பு, முன்னுரை, அட்டைக் குறிப்பு முதலியவற்றைப் பனுவலின் வாயில்கள் எனக் கொண்டு ஆராய்ந்தார். தமிழ் மரபு இவ்வாயிலுக்குப் பாயிரம் எனப் பெயரிட்டு, அதற்கு விதியும் வகுத்துள்ளது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பது பயன் தரும்.

இவ்வாய்வுக்கு ஒரு வசதியான நோக்குநிலை நாகலாபுரம். ஊத்துக்கோட்டைக்கும் புத்தூருக்கும் இடையில், சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர், 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து இப்போது திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. ஆந்திர - சென்னை மாநில எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்து, திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்த பிறகும், எல்லையின் இருபுறத்திலும் இருமொழி வழக்கு நிலைத்தது. இப்பகுதியில் ஒரே படத்தின் தமிழ் முன்னோட்டத்தையும் தெலுங்கு முன்னோட்டத்தையும் ஒருங்கே கேட்டு, இரண்டையும் ஒப்பிடும் செவி உடையோர் உள்ளனர். ஒரு மொழி மட்டும் அறிந்தவர்க்குப் புலப்படாத வேறுபாடுகள் அச்செவிக்குப் புலப்படும்.

வினாவில் நிற்கும் கதை

முன்னோட்டத்தின் மூத்த வடிவம் அச்சில் இருந்தது. திரையரங்க வாயிலிலும் சந்தைகளிலும் விற்ற பாட்டுப் புத்தகங்களில் நடிகர் பட்டியல், கலைஞர் பட்டியல், பாடல்கள் ஆகியவற்றோடு கதைச் சுருக்கம் என்ற ஒரு பகுதியும் இருந்தது. அதன் அமைப்பு பெரும்பாலும் மாறாதது. ஊரும் குடும்பமும் அறிமுகமாகும்; ஒரு காதலோ கடனோ பழியோ நுழையும்; நாயகன் சிறையிலோ நாயகி தெருவிலோ நிற்கும் கட்டத்தில் இறந்தகால வினைமுற்றுகள் திடீரென வினாவாக மாறும். நாயகன் சிறையிலிருந்து மீண்டானா? தங்கையின் திருமணம் நடந்ததா? தீயவன் தண்டனை பெற்றானா? இதனையடுத்து, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்னும் தொடர் வரும். இத்தொடர் தமிழ் மக்களின் நாவில் மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. வீட்டில் ஏதேனும் ஒரு செய்தியைப் பாதியில் நிறுத்துபவரும் இதனைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

மொழியியல் நோக்கில் இக்கதைச் சுருக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. வில்லியம் லபாவும் வலெட்ஸ்கியும் 1967இல் வாய்மொழிக் கதைகளை ஆராய்ந்து, களனறிமுகம், சிக்கல், மதிப்பீடு, தீர்வு, முடிப்பு என்னும் உறுப்புகளைக் காட்டினர். லபாவ் பின்னர்ச் சுருக்கம் என்பதையும் முதலுறுப்பாகச் சேர்த்தார். பாட்டுப் புத்தகம் இவ்வுறுப்புகளில் முதல் மூன்றனை முறையாகத் தந்து, தீர்வு வரவேண்டிய இடத்தில் வினாவை வைக்கிறது. தீர்வு விடுபடவில்லை, வினா வடிவில் நிற்கிறது. மீண்டானா என்று கேட்கும்போதே மீளுதல் என்னும் நிகழ்ச்சி சொல்லப்பட்டுவிட்டது. அது நிகழ்ந்தது என்ற உறுதி மட்டுமே நிறுத்திவைக்கப்படுகிறது. ஆகார ஈற்று வினா இதற்கு ஏற்ற கருவி.

நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என அறுவகைப்படுத்துவார். மீண்டானா என்பது எவ்வகை? கேட்பவர் விடை அறிந்தவர். ஆதலின் அறியா வினாவும் அன்று, ஐய வினாவும் அன்று. ஆசிரியர் மாணவனை நோக்கிக் கேட்கும் அறிவினாவின் வடிவம் இதற்குண்டு. ஆனால் ஆசிரியர் விடையை எதிர்பார்த்து நிற்பார். பாட்டுப் புத்தகம் நிற்பதில்லை. உடனே காண்க என்கிறது. ஆகவே வடிவத்தால் அறிவினாவாகவும் பயனால் ஏவல் வினாவாகவும் இது அமைகிறது எனலாம். இதனைச் சீட்டு விற்பவரின் பக்கம் நின்று பார்ப்பவர் கொடை வினா என்றும் வாதிடலாம். அதை மறுக்க வலுவான காரணம் இல்லை. கொடைக்குக் கட்டணம் உண்டு என்பதே வேறுபாடு.

தெலுங்குப் பாட்டுப் புத்தகங்களிலும் இதே மரபு காணப்படுகிறது. எஞ்சியதை வெண்டிதெர மீது காணுமாறு அவையும் கேட்டுக்கொள்கின்றன. வெண்டி என்பதும் வெள்ளி என்பதும் ஒரே திராவிட வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்தவை. தெர, திரை என்பவற்றின் உறவு வெளிப்படை. ஆகார ஈற்று வினாவும் இரு மொழிக்கும் பொது. வந்தானா என்று தமிழ் கேட்குமிடத்தில் வச்சாடா என்று தெலுங்கு கேட்கும். கதையை வினாவில் நிறுத்தும் உத்தி மொழி எல்லையில் சிதையாமல் நின்றதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணமாகலாம். வேறுபாடு இறுதி வினைமுற்றில் உள்ளது. தெலுங்கின் சூடண்டி முன்னிலையில் நிற்பவரை மதிப்புடன் விளிக்கும் ஏவல். தமிழின் காண்க வியங்கோள். அது திணை, பால், எண், இடம் காட்டாது. வேண்டலும் விதித்தலும் வாழ்த்தலும் அதில் அடங்கும். தெலுங்கு வாசகர் அழைக்கப்படுகிறார். தமிழ் வாசகரிடம் ஓர் அறிக்கை படிக்கப்படுகிறது. இருமொழியும் படிக்கத் தெரிந்த எல்லைப்புற வாசகர் இரண்டு விதமாக நடத்தப்பட்டார் என்று கூறுவது மிகையாகாது.

முடிவு சொல்லப்பட்ட கதைகள்

முன்னோட்டத்தின்மீது இக்காலத்தில் பெரிதும் எழும் குற்றச்சாட்டு, அது முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது என்பது. இதன் பின்னணியில் ஓர் எடுகோள் உள்ளது. கதையின் இன்பம் முடிவை அறியாமையில் இருக்கிறது என்பதே அது. ரோலான் பார்த் 1970இல் எழுதிய நூலில் கதையை இயக்கும் ஐந்து குறியீட்டு ஒழுங்குகளைக் காட்டி, அவற்றுள் புதிரை எழுப்பி விடையைத் தாழ்த்தும் ஒழுங்கை விரிவாக விளக்கினார். பாட்டுப் புத்தகத்தின் வினா இவ்வொழுங்கைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை.

எனினும் தமிழ் எடுத்துரைப்பு மரபு முழுவதும் இவ்வெடுகோளை ஏற்றதன்று. சிலப்பதிகாரப் பதிகத்தை நோக்குக. கோவலன் பொருளிழந்தது, சிலம்பு விற்க மதுரை சென்றது, பொற்கொல்லன் பழி சுமத்தியது, அரசன் ஆணையால் கொலையுண்டது, மதுரை எரிந்தது ஆகிய அனைத்தும் முதற்காதை தொடங்குமுன்பே சொல்லப்பட்டுவிடுகின்றன. காதைகளின் வரிசையும் நூலின் நோக்கமும்கூட அங்கேயே உள்ளன. பதிகம் பிற்காலத்தது என்று கொள்வோர் உளர். அவ்வாறாயின், யாரோ ஒருவர் முழுக் கதையையும் முன்னரே சொல்வதுதான் நூலுக்குப் பொருத்தமான வாயில் என்று கருதியிருக்கிறார் என்பது இன்னும் உறுதிப்படுகிறது.

சித்தூர்ப் பகுதி ஊர்களில் திரௌபதியம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவும் இத்தகையதே. பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழ்வான் என்பதை அறியாத சிறுவனும் அங்கு இல்லை. படுகளத்திற்கென அவன் உருவம் மண்ணால் பெரிதாகத் தரையில் அமைக்கப்படுவதை ஊரார் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். முடிவு தரையில் கிடக்கிறது. கூத்து அதன்பின்னரே அந்த முடிவை வந்து சேர்கிறது. வீழ்ந்தானா என்ற வினாவுக்கு அங்கு இடமில்லை. எவ்வாறு வீழ்வான், இவ்வாண்டு வேடம் கட்டுபவர் அதை எவ்வாறு ஆடுவார் என்பதே வினா.

2022 செப்டம்பரில் வெளிவந்த பொன்னியின் செல்வன் முதற் பாகத்தின் முன்னோட்டத்தை இம்மரபில் வைத்துக் காணலாம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, பன்முறை நூலாகப் பதிப்பிக்கப்பட்ட கதை அது. தமிழ்ப் பார்வையாளரில் பெரும்பகுதியினர்க்குக் கதை முன்னரே தெரியும். ஆகவே தமிழ் முன்னோட்டம் வால்நட்சத்திரத்தையும் அரச குலத்தைச் சூழ்ந்த அச்சத்தையும் கமல்ஹாசனின் குரலில் அறிவித்து, பாத்திரங்களை வரிசையாக நிறுத்தியது. எந்த நடிகர் எந்தப் பாத்திரம், எந்தப் பாத்திரம் எந்த உடையில் என்பதே அங்கு விடுக்கப்பட்ட வினா. இது பதிகத்தின் முறை. தெலுங்கு முன்னோட்டத்துக்கு ராணா தக்குபாட்டி குரல் தந்தார். நாவலைப் படித்திராத தெலுங்குப் பார்வையாளர்க்கு அதே காட்சிகள், அதே வரிசையில், புதிர்களாக நின்றன. ஒரே வெட்டுமுறை ஒரு மொழியில் நினைவூட்டலாகவும் மற்றொரு மொழியில் அறிமுகமாகவும் தொழிற்பட்டது. பனுவலின் பொருள் பனுவலுக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் வினாச்சொல்லின் வேறுபாடும் கருதத்தக்கது. 2015 ஜூலை 10 அன்று வெளிவந்த பாகுபலி முதற் பாகம், நாயகனைக் கொன்றவன் தானே என்று கட்டப்பா கூறுவதோடு நின்றது. 2017 ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகம் வரும்வரை, கட்டப்பா ஏன் கொன்றான் என்ற வினா நாடெங்கும் பல மொழிகளில் வழங்கியது. ஏறத்தாழ இரண்டேமுக்கால் மணி நேரப் படம் ஒன்று அடுத்த படத்தின் முன்னோட்டமாகவும் பணியாற்றியது. கொன்றானா என்று கேட்டிருந்தால் அவ்வினா ஒரு வாரமும் நின்றிராது. ஆகார வினா நிகழ்ச்சியின் உண்மையை ஐயத்தில் வைக்கிறது. வகைமை மரபை அறிந்த பார்வையாளர் அதற்கு உடனே விடை சொல்லிவிடுவார். நாயகன் மீள்வான், தங்கைக்குத் திருமணம் நடக்கும் என்பவற்றைப் பாட்டுப் புத்தகம் வாங்கியவர் அறியாதவரா? ஏன் என்னும் வினாவோ நிகழ்ச்சியை உண்மையென முற்கோளாகக் கொண்டு, காரணத்தை மட்டும் மறைக்கிறது. வகைமை அறிவு முடிவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆதலின் முடிவை மறைப்பதால் மட்டுமே முன்னோட்டம் ஆவலைத் தூண்டும் என்பது பொருந்தாது. முழுக் கதையையும் சொல்லிவிட்டது என்று குறைகூறப்படும் முன்னோட்டங்களில் உண்மையான குறை, அவை முடிவைச் சொன்னமையன்று. ஏன் என்று கேட்பதற்கு எதையும் விட்டுவைக்காமையே.

தற்புகழ்ச்சிக்கு இடம்

பாயிரத்தில் இடம்பெற வேண்டியவற்றை நன்னூல் தொகுத்துரைக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை முன்னோட்டத்தில் உள்ளன. இயக்குநரின் பெயரும் அவர் முன்னர் எடுத்த படத்தின் பெயரும் எழுத்தாக ஓடுவது ஆக்கியோனும் வழியும். வெளியீட்டு நாள் காலம். தணிக்கைச் சான்றிதழின் வகை கேட்போர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. பட்டியலை இழுத்துப் பொருத்துவதில் இக்கட்டுரையாளர்க்கு ஆர்வமில்லை. அதனினும் சுவையானது பாயிரம் பாடுவோர் பற்றிய விதி.

எத்துணை அரிய நூல் செய்தாலும் ஆசிரியன் தன்னைத்தானே புகழ்தல் தகாது என்றும், ஆதலின் அவன் ஆசிரியரோ உடன் கற்றவரோ மாணவரோ உரைகாரரோ பாயிரம் செய்ய வேண்டும் என்றும் நன்னூல் கூறும். பழைய முன்னோட்டங்களில் படத்தில் இல்லாத ஒரு குரல் இப்பணியைச் செய்தது. படத்தின் பெருமைகளை அடுக்கிச் சொல்லும் அக்கம்பீரக் குரல் ஒருவகையில் உரைகாரர் குரல். இன்று அக்குரல் அருகிவிட்டது. ஆனால் விதி அழியவில்லை, வேறிடம் பெயர்ந்துள்ளது. இன்றைய நட்சத்திரப் படத்தின் முன்னோட்டத்தில் நாயகனைப் பற்றிப் பேசுபவர் யார்? காவல் அதிகாரி ஒருவர், சிறையில் உடனிருந்தவர், எல்லாவற்றினும் மேலாக வில்லன். அவன் யார் தெரியுமா என்று ஒருவர் கேட்க, மற்றொருவர் அஞ்சுகிறார். நாயகன் பேசாமல் நடந்து வருகிறான். புகழ்ச்சி பிறர் வாயில் வைக்கப்படுகிறது. கதைக்குள் இருக்கும் பாத்திரங்களே பாயிரம் பாடுகின்றனர்.

தற்புகழ்ச்சிக்கு நன்னூல் விலக்கும் தந்துள்ளது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை உணராதவரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். பா. ரஞ்சித் இயக்கத்தில் 2016 ஜூலையில் வெளிவந்த கபாலி படத்தின் டீசர் அவ்வாண்டு மே முதல் நாள் வெளியிடப்பட்டது. அதில் கபாலி யார், வரச் சொல் என்று எதிரி இழித்துப் பேசுகிறான். அதன் பின்னரே ரஜினிகாந்த் தன்னைப் பற்றிப் பேசுகிறார். பழைய படங்களில் நம்பியாரின் ஏவலுக்குக் குனிந்து நிற்கும் லுங்கி கட்டிய அடியாளின் பெயர் கபாலி என்பதை நினைவூட்டி, அந்தக் கபாலி தானல்லன் என்கிறார். தன் ஆற்றலை உணராதார் நடுவில், மாற்றான் பழித்த பொழுதில் நிகழும் தற்புகழ்ச்சி. நன்னூலார் அனுமதித்த இரண்டு இடங்கள் ஒருங்கே அமைந்துள்ளன. எழுதியவர் நன்னூலை நினைத்து எழுதினார் என்பது இதன் கருத்தன்று. தற்புகழ்ச்சியைத் தமிழ்ச் செவி எந்தச் சூழலில் பொறுத்துக்கொள்ளும் என்ற வழக்கறிவு இருவர்க்கும் பொது.

அந்த டீசரில் மேலும் ஒரு சிறப்பு உண்டு. அது ஒரு வகைமை மரபைச் சுட்டி, அதனை மறுப்பதையே தன் உள்ளடக்கமாகக் கொண்டது. ஒரு பெயர் எந்தச் சாதி வகுப்புச் சூழலில் எந்த வேடத்துக்கு ஒதுக்கப்பட்டது என்ற சமூகக் குறியியல் விமர்சனம் ஒன்றே கால் நிமிடத்துக்குள் அடக்கப்பட்டது. படம் வந்தபின், டீசரின் வேகத்தை எதிர்பார்த்துச் சென்ற இரசிகர் சிலர், பிரிந்த மனைவியைத் தேடிச் செல்லும் நீண்ட நடுப்பகுதியில் ஏமாற்றமுற்றனர். இக்கட்டுரையாளரின் கருத்தில் அப்பகுதியே படத்தின் வலுவான பகுதி. டீசர் மறுத்த மரபைப் பார்வையாளர் கைவிடவில்லை என்பதே அவ்வேமாற்றம் காட்டும் செய்தி.

அடியிலிருந்து முடிவரை

நாயகன் முகத்தை உடனே காட்டாமை மற்றொரு மரபு. முதலில் தரையில் பதியும் காலணி, பின்னர்க் கை, தோள், முதுகு, கடைசியில் முகம். இதனை மேலைப் படங்களின் செல்வாக்கு என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் பாதாதிகேசம் என்றே ஒரு வகை உண்டு. அடி முதல் முடிவரை உறுப்புகளை முறையே வருணிப்பது அது. நாகலாபுரத்தாருக்கு இதற்கு உள்ளூரிலேயே ஒரு காட்சி உள்ளது. கிருஷ்ணதேவராயர் தம் தாயின் பெயரால் விளங்கச் செய்த இவ்வூரின் வேதநாராயணப் பெருமாள் கோயிலில், பங்குனி மாதச் சூரிய பூசையின்போது மாலைக் கதிர் கருவறைக்குள் நுழைகிறது. முதல் நாள் திருவடியிலும், அடுத்த நாள் திருமேனியின் நடுவிலும், மூன்றாம் நாள் முடியிலும் படுகிறது. அடியார்கள் மூன்று நாளும் காத்திருக்கின்றனர். இறைவனின் திருமுகம் அவர்கள் ஆண்டு முழுவதும் கண்டதுதான். தெரிந்த முகத்தையே படிப்படியாகக் காண்பதில் ஓர் இன்பம் உண்டு. நட்சத்திர முன்னோட்டத்தில் நிகழ்வதும் அதுவே; ரஜினிகாந்தின் முகம் எப்படியிருக்கும் என்று அறியாதவர் யாரும் அதைப் பார்ப்பதில்லை. புதிர் நீங்குவதால் வரும் இன்பத்தை மட்டும் கணக்கிடும் எடுத்துரைப்பியல் இதனை விளக்கப் போதாது.

வகைமையைக் காட்டும் முறையைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க முன்னோட்டங்களை ஆராய்ந்து 2004இல் நூல் வெளியிட்ட லிசா கெர்னன், வகைமை, கதை, நட்சத்திரம் ஆகிய மூன்றின் வழியாக முன்னோட்டம் பார்வையாளரை இணங்க வைக்கிறது என்றும், வாதத்தின் ஒரு படியைச் சொல்லாது விட்டுப் பார்வையாளரே நிரப்பிக்கொள்ளச் செய்கிறது என்றும் காட்டினார். திணை மரபில் பயின்றவர்க்கு இது புதிதன்று. அரிவாள், ஐயனார் சிலை, கண்மாய்க் கரை, திருவிழாக் கூட்டம் என நான்கு காட்சிகள் அடுத்தடுத்து வந்தால் கதை இன்னதென்று யாரும் சொல்ல வேண்டுவதில்லை. முதலும் கருவும் தரப்பட, உரிப்பொருளைப் பார்ப்பவரே வருவித்துக்கொள்கிறார். ஒரு திணையின் கருப்பொருள் மற்றொரு திணையில் மயங்கி வருதலும் உண்டு. அவ்வாறு வரும் முன்னோட்டங்களே நினைவில் நிற்கின்றன.

முன்னோட்டம் வாக்குறுதியா?

இவ்வினா அண்மையில் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2016 ஏப்ரலில் வெளிவந்த ஃபேன் என்னும் இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஒரு பாடல் பரவலாகக் காட்டப்பட்டது. அப்பாடல் படத்தில் இல்லை. அதனை நம்பிக் குடும்பத்துடன் படம் பார்த்த ஒருவர் நுகர்வோர் குறைதீர் அமைப்பை நாடினார். மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அவர்க்கு இழப்பீடு தருமாறு கூறின. 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. முன்னோட்டம் சீட்டு வாங்கத் தூண்டும் ஒருபக்கச் செய்தியே. அது ஒப்பந்தத்துக்கான முன்மொழிவோ வாக்குறுதியோ ஆகாது. கலைப்படைப்பு சார்ந்த சேவையில் படைப்போர்க்குரிய உரிமைக்கு இடமளிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

பேச்சுச்செயல் கொள்கையின்படி நோக்கினால், நீதிமன்றம் முன்னோட்டத்தைப் பொறுப்பேற்புச் செயல்களிலிருந்து நீக்கி ஏவல் செயல்களில் சேர்த்துள்ளது. முன்னர்க் காட்டிய ஏவல் வினா, வியங்கோள் ஆகியவற்றோடு இது இயைகிறது. தீர்ப்பின் முடிவு ஏற்கத்தக்கதே. ஒவ்வொரு காட்சியும் உறுதிமொழியாகுமாயின், படத்தொகுப்பாளர் கடைசி வாரத்தில் ஒரு காட்சியையும் நீக்க இயலாது. ஆயினும் முன்னோட்டம் எதற்குமே பொறுப்பேற்பதில்லை என்று கொண்டால், பார்வையாளர் அனுபவத்துக்கு அது முரணாகும். பாடல் ஒன்று இல்லை என்பதற்காக வழக்காடுவோர் அரியர். நகைச்சுவைப் படம் என்று காட்டி அழவைத்தால் ஏமாற்றினர் என்பவர் பலர். முன்னோட்டம் உறுதியளிப்பது காட்சியை அன்று, வகைமையை.

இதற்கு எதிர்மறைச் சான்றும் உண்டு. 2022 ஜூனில் வெளிவந்த விக்ரம் படத்தின் தலைப்பு அறிவிப்பு 2020 நவம்பர் 7 அன்று வெளியிடப்பட்டது. கமல்ஹாசன் சமைப்பதும், வீட்டின் மறைவிடங்களில் படைக்கலங்களை ஒளித்து வைப்பதும், விருந்தினரை வரவேற்பதுமாக அமைந்த அக்காட்சி அறிவிப்புக்கென்றே எடுக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் வந்த லியோ பட அறிவிப்பும் அவ்வாறே. இவற்றைப் படத்தில் காணவில்லை என்று பார்வையாளர் பெரிதாக முறையிடவில்லை. காட்சி தரப்படாவிடினும் அது குறித்த வகைமை தரப்பட்டது. இங்கு முன்னோட்டம் படத்தின் ஒரு துண்டு என்ற நிலையிலிருந்து விலகி, தனக்கெனத் தொடக்கமும் சிக்கலும் உடைய தனிப் பனுவலாகிவிட்டது. தீர்வு மட்டும் இன்னும் வெள்ளித்திரையில் உள்ளது.

ஐந்து மொழியில் ஒரு வெட்டு

தொழில்நுட்பம் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். மொழி பற்றிய ஒரு மாற்றம் மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது. ஒரு முன்னோட்டம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி ஆகியவற்றில் ஒரே நாளில் வெளிவரும் நிலையில், படத்தொகுப்பாளர்க்கு உதட்டசைவு இடையூறாகிறது. பேசுபவரின் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் ஓடவிடுவது எளிது; பேச்சையே குறைப்பது அதனினும் எளிது. ஆகவே முழு வாக்கியங்கள் மறைந்து, விளியும் பெயரும் ஒற்றைச் சொல் வினைமுற்றுகளும் எஞ்சுகின்றன. சிக்கலை எடுத்துரைக்கும் வாக்கியம் இல்லாதவிடத்து அதன்மேல் வினா எழுப்பவும் இயலாது. பாட்டுப் புத்தகத்தின் உரைநடை உயர்ந்த நடை என்று யாரும் சொல்லமாட்டார். எனினும் அது ஒரு சிக்கலைத் தொடக்கம் முதல் சொல்லத் தெரிந்த உரைநடை. எல்லைப்புறத்தில் தெலுங்கு வழியாகப் பள்ளிக் கல்வி பெறும் ஒருவர்க்கு, பள்ளிக்கு வெளியே தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க அது ஒரு வாய்ப்பாகவும் அமையக்கூடியது. இன்றைய முன்னோட்டத்தில் அவர் படிக்க எஞ்சியிருப்பது பெரும்பாலும் தலைப்பு மட்டுமே.

அத்தலைப்பிலேனும் மொழிகள் தம் தனித்தன்மையைக் காட்டுகின்றன. தெலுங்கின் பாஹுபலி தமிழில் பாகுபலி ஆகிறது. கிரந்த எழுத்து கையிலிருந்தும் தமிழ் ஒலிமரபே வென்றது. விக்ரம் என்பது தமிழ்ப் பார்வையாளர்க்கு 1986இல் வந்த அதே பெயருடைய படத்தை நினைவூட்டப் போதுமானது. அந்நினைவைச் சார்ந்திருக்க இயலாத தெலுங்குப் பதிப்புக்கு விக்ரம் ஹிட்லிஸ்ட் எனப் பெயரிட்டனர்; நினைவு செய்ய வேண்டிய வேலையை ஒரு வகைமைச் சொல் செய்தது. பொன்னியின் செல்வனோ தெலுங்கு எழுத்திலும் பொன்னியின் செல்வனாகவே நின்றது. பொன்னி என்பது காவிரி என்பதும், இன் என்பது வேற்றுமை உருபு என்பதும் தெலுங்கு மட்டும் அறிந்தவர்க்குத் தெரிய வழியில்லை. அவர்க்கு அது பிரிக்க இயலாத ஒரு பெயர். அதே தெலுங்குச் சுவரொட்டியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாகலாபுரத்துத் தமிழர்க்கு அது இரண்டு சொல்லும் ஓர் உருபும் சேர்ந்த தொடர்.